மருதையன் மாமாவின் அமெரிக்கத் துப்பாக்கி

மருதையன் மாமாவின் துப்பாக்கி குத்தாலத்தில் வெடித்தால் பூதலூர் ஸ்டேஷனில் பச்சைக்கொடி காட்டுகிறவர் குனிந்துகொள்வார். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் காவிரி கடலைப் பார்த்து ஓடுகிறது. இதெல்லாம் மாமாவே சொன்னது. அது வெடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மாமா எங்கள் தெருக்காரர், பண்ணையின் நெற்களத்துக்குக் காவல். தெருவில் அவரைப் பண்ணை ஆள் என்பார்கள், பண்ணையில் தெரு ஆள் என்பார்கள். அவரும் இரண்டு பக்கத்தையும் நம்பமாட்டார். களத்தில் நெல்லைக் குவித்ததும் அதன்மேல் சாணிப்பாலால் கோடு போடுவார். ஒரு பிடி அள்ளினாலும் கோடு கலைந்து காட்டிக்கொடுக்கும். எல்லாக் காவல்காரர்களும் செய்வதுதான். மாமா வீட்டு ஊறுகாய்ச் சாடிக்கும் போடுவார். அம்சம் அத்தை ஊறுகாய் போடுவதையே விட்டுவிட்டாள்.

துப்பாக்கி, பண்ணையாரின் தாத்தா நாகப்பட்டினத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. நிறுத்தினால் மாமாவின் நெற்றிவரை வரும். ஒருநாள் வேளாங்கண்ணிக்குப் போய்க்கொண்டிருந்த அமெரிக்கப் பாதிரியார் அதைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தி இறங்கினார். குழல் உருண்டையாக இல்லை, எட்டுப் பட்டை. கட்டையில் புலிக்கு இருப்பதுபோல் வரி. சாயமில்லை, மரமே அப்படி. அடிக்கட்டையில் பித்தளை மூடி போட்ட ஒரு குழி. குண்டைச் சுற்றுகிற எண்ணெய்த் துணியை அதில் வைப்பார்களாம். மாமா புகையிலை வைத்திருந்தார்.

கடைசியாகப் பாதிரியார் குழலுக்குள் சுண்டுவிரலை விட்டார். "உள்ளே முறுக்கு வரி ஓடுது பாருங்க. உங்க நாட்டுத் துப்பாக்கி வழவழன்னு இருக்கும். இது எங்க ஊர்ப் பிள்ளை" என்று கன்றுக்குட்டியைப் போலத் தடவிக்கொடுத்தார். கார் போனதும் மாமா பித்தளை ஆணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தார்.

பிறகு ஆட்சி மாறியது. கூலி மாறவில்லை. அந்த அறுவடையில் சங்கத்துக்காரர்கள் வரப்பில் கொடி நட்டார்கள். சாயங்காலம் பண்ணைப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது, கொடிக்கம்பம் துளைபட்டது.

சங்கத் தலைவர் நாகநாதன் நேரே மாமாவிடம் வந்தார். "நாளைக்குச் சாயங்காலம் தெருவுல வச்சு உன் துப்பாக்கியப் பாப்போம். சுட்டது நீதான்னா இங்க உனக்குத் தண்ணிகூடக் கிடையாது."

"பண்ணை வீட்டுச் செவுத்துல மூணு தொங்குதே. அதை எவனாவது மோந்து பாத்தீங்களா?"

"அவன் எங்கய்யா பாக்க விடுவான்? அதான் உன்னுதப் பாக்குறோம்."

மாமா சுட்டிருக்கமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். நினைப்பை நம்ப முடியுமா? மறுநாள் காலை அவர் வாய்க்காலுக்குப் போன சமயம் களத்துக் கொட்டகையில் நுழைந்து, பாதிரியார் செய்ததுபோல் சுண்டுவிரலைக் குழலுக்குள் விட்டுத் திருப்பினேன். கரேலென்று வந்தது.

அப்படியென்றால் சுட்டது மாமாதான். ஆனால் நான் அத்தை ஊற்றிய கஞ்சியில் வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன், படிக்க அல்ல. ஜன்னலிலிருந்து ஒரு குளவிக்கூட்டைப் பெயர்த்து வந்து, ஈரமண் குழைத்துக் குழல்வாயில் அப்பினேன். சாயங்காலத்துக்குள் கொட்டகை வெக்கை காய வைத்துவிட்டது.

நாகநாதன் கூட்டத்துக்கு நடுவே குழலைச் சாய்த்துப் பார்த்தார். "குளவி கூடு கட்டியிருக்குப்பா! இது வெடிச்சு எத்தினி காலமோ!"

"இதைக் காட்டியாய்யா எங்கள மிரட்டுன?" என்று தெருவே சிரித்தது. பூதலூர்வரை கேட்கும் துப்பாக்கிக்காரர் அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

களத்துக்குத் திரும்பும் வழியில்தான் கேட்டார்.

"மாப்ள, குளவிக்குக் கைரேகை உண்டாடா?"

"எனக்கு எப்படித் தெரியும் மாமா?"

"சுண்டுவிரலக் காட்டு."

தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு ஒட்டியிருந்தது.

"விளக்குக்கரியும் எண்ணெயும்டா அது. அந்தப் பாதிரியார் விரல விட்ட நாள்லேருந்து உள்ள தடவி வக்கிறேன், நெல்லுக்குக் கோடு போடுற மாதிரி. எவன் கைய விட்டாலும் மாட்டுவான். வெடிமருந்துன்னா கந்தகம் நாறாது? மோந்து பாத்தியா?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"தெருவே என்மேல சந்தேகப்பட்டுது, சரி. நீயுமாடா?" மாமா அடிக்கட்டையின் பித்தளை மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். குழி காலி. "கூடு கட்டுன கூலியா? எடுத்த புகையிலைய வை."