சிதம்பரத்துக்குப் போன சென்டர் ஃபார்வர்டு

செய்தியைச் சொன்னவர் சிதம்பரம் பஸ்ஸின் கண்டக்டர். கடலூரில் இறங்கியதும் என்னைத் தேடி வந்து, "நம்ம சுல்தான் போயிட்டாரு சார். மஞ்சக்காமாலையாம்" என்றார். அதே பஸ்ஸில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற உறவினர் பலருக்கு என்னைத் தெரியவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அவனோடு ஹாக்கி ஆடிய உங்களுக்காக இதை எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

கடலூர் அணியில் அவன் சென்டர் ஃபார்வர்டு. அவனுக்கு வலப்பக்கத்தில் நான். எங்களிடம் உருப்படியான கோல் கீப்பர் இல்லை. சிதம்பரம் அணியில் கோல் கீப்பர் இருவர், கோல் போடத்தான் ஆளில்லை. ஆளுக்கொருவரை மாற்றிக்கொள்ளலாமா என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் அன்று பெரிய வாக்குவாதம். கோல் போடுகிறவனைக் கொடுத்துவிட்டுத் தடுக்கிறவனை வாங்குவது நமக்கு நஷ்டம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

சுல்தான் விடவில்லை. "நாம நாலு போட்டு அஞ்சு வாங்கிட்டு வர்றோம். அவுங்க வாங்கறதும் இல்ல, போடறதும் இல்ல. யாருக்கு ஜாஸ்தின்னு பாக்காத மச்சான். ரெண்டு பக்கமும் ஓட்டை அடையுதான்னு பாரு."

சரி, யார் போவது என்று கேப்டன் கேட்டார். அதுவரை வாய் ஓயாமல் பேசிய எல்லோரும் டீ கிளாஸைப் பார்த்தோம்.

"நான் போறேன். எங்க மாமா கடை அங்கதான இருக்குது" என்றான் சுல்தான். உன்னை யாரடா கேட்டது என்று திட்டினேன். சிரித்தான்.

அந்த சீசனில் இரண்டு அணிகளும் நன்றாகவே ஆடின. எல்லோரும் அவனைத்தான் மெச்சினார்கள். சென்டர் இடம் எனக்குக் கிடைத்தது. பழக்கதோஷத்தில் இடப்பக்கம் பார்க்காமலே பந்தைத் தள்ளுவேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து ஹாக்கியில் ஆட்டம் தொடங்க இரு சென்டர் ஃபார்வர்டுகளும் எதிரெதிரே நின்று, தரையிலும் எதிராளி மட்டையிலும் மாறி மாறித் தட்டிவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும். ஒரே அணியில் இருந்தவரை எங்களுக்கு அது வாய்த்ததில்லை. சிதம்பரத்தில் முதல் தடவை அப்படி நின்றபோது, மட்டையைத் தட்டிக்கொண்டே, "சாப்ட்டியா மச்சான்?" என்றான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பந்தோடு போய்விட்டான்.

ஆட்டம் முடிந்து அவன் மட்டும் மைதானத்தில் உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இங்க எல்லாரும் நல்லவுங்கதான். ஆட்டம் முடிஞ்சா அவுங்கவுங்க தெருவுக்குப் போயிடறாங்க. நான் கடையில போயிப் படுத்துக்கறேன்" என்றான். எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

கடைசியாகப் பார்த்தது போன மாதம். அந்த மாற்றம் யாருக்கு லாபம், இத்தனை வருஷம் கழித்தாவது சொல் என்று வம்புக்கிழுத்தேன்.

"ரெண்டு டீமுக்கும் நல்லதுதான். அன்னிக்கு நான் சொன்னது சரிதான்." பிறகு அவனே சொன்னான்: "டீமுக்கு நல்லதான்னுதான் கேட்டோம் மச்சான். நம்ம ரெண்டு பேருக்கு நல்லதான்னு யாரு கேட்டாங்க?"

அவன் போட்ட கோல்கள் நம் எல்லோருக்கும் சொந்தம். இந்தப் பேச்சு மட்டும் என்னுடையது. அவனும் கடைக்குள் படுத்துக்கொண்டு இதையே நினைத்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு, எனக்குக் கொஞ்ச நாள் துணை இருந்தது. இப்போது நினைக்க நான் ஒருவன்தான்.