இன்னும் கொஞ்சம் புகை

எங்கள் தீவிலிருந்து வடக்கே திக்லிபூர் போகும் கப்பலுக்கு டிக்கெட் கேட்டு நின்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. பாக்கியம் அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின நாள்வரை எனக்குப் பக்கத்து கவுண்ட்டரில் இருந்தவர். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஒரு கேள்வியைப் பாதியில் விட்டுப்போகிற ஆளா அவர்?

அந்தக் கேள்வி எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கடற்கரைக்கு பிக்னிக் போனபோது சிலர் தீ மூட்டி, மார்ஷ்மேலோ என்கிற மெத்தென்ற வெள்ளை மிட்டாயைக் குச்சியில் குத்தி வாட்டினார்கள். சாக்லேட்டோடு சேர்த்து இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே வைத்துக் கொடுத்தார்கள். அக்கா தின்றுவிட்டு விரல்களை நக்கினார். பிறகு சொன்னார்: "இது எங்க வீட்டு ஆளுக்குக் கெடைக்கணுமே."

அவர் கணவர் ராமையா அண்ணனுக்கு நுரையீரல் சரியில்லை. புகைப் பக்கமே போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இருவரும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். வாலிபத்தில் கடலோரம் தீ மூட்டி உட்கார்ந்திருந்ததைத்தான் அண்ணன் வாய் ஓயாமல் பேசுவார். "தீயும் வேணாம், புகையும் வேணாம். அந்த ருசி மட்டும் நம்ம ஓவன்ல வருமா? தேக் லேங்கே, பார்த்துடுவோம்" என்றார் அக்கா, வழக்கம்போல் இந்தி கலந்து.

மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த மார்ஷ்மேலோ எங்கள் தீவின் ஈரக்காற்றில் ஒரே கட்டியாகிவிட்டது. அதனால் அக்கா முட்டை வெள்ளையைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, பிஸ்கட் தூள், உருக்கிய சாக்லேட் இவற்றின் மேல் பரப்பி, பொன்னிறமாக பேக் செய்தார். எல்லாம் வந்தது, புகை மணம் மட்டும் வரவில்லை. ரப்பர் ஷீட்டைப் புகைக்கூடத்தில் உலர்த்துவதுபோல, தன் புரோத்ராபூர் வீட்டின் கொல்லைக்கோடியில் ஈரவிறகு மூட்டி, கம்பிவலையில் பிஸ்கட்டை அடுக்கிப் புகைபோட்டார். மறுநாள் அலுவலகத்தில் டப்பாவைத் திறந்ததும் எனக்கு மூக்கைத் துளைத்தது.

"அக்கா, டயர் கடை மாதிரி இருக்கு."

கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பொகைக்கூடத்துல வளர்ந்த கை தங்கச்சி, வேற என்ன செய்யும்?"

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. "பொகையோட ருசி வெறகுலருந்து வருதா, கருகுறதுலருந்து வருதா?" வெல்லத்தைக் கருக்கிப் பார்த்தார். தேங்காய்த் துருவலைக் கருகும் பதத்தில் வறுத்துத் தூவினார். அதைத் தின்றபோது எனக்குக் கடற்கரையே வாய்க்குள் வந்தது. அண்ணனோ கண்ணை மூடிச் சுவைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் பொகை வேணும்" என்றார். ஒவ்வொரு ஞாயிறும் அதே தீர்ப்பு. அந்த மனிதர்மேல் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். அக்காவுக்கோ உற்சாகம் கூடிக்கொண்டே போனது.

காரியமெல்லாம் முடிந்த பின் ஒரு ஞாயிறு, அக்காவின் பக்குவத்திலேயே செய்து கொண்டுபோனேன். அண்ணன் ஒரு கரண்டி தின்றார்.

"சரியா வந்திருக்கா அண்ணே?"

"எனக்கு மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு தங்கச்சி. மணம் ஒண்ணும் தெரியாது. அவகிட்ட சொல்லல. சரியா வந்திருச்சுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பா. அடுத்து என்ன செய்யலாம்னு யோசிக்கிறப்ப அவ மொகத்தப் பார்க்கணும், அதுக்குத்தான்."

அக்கா இதைக் கேட்டிருந்தால் திட்டியிருப்பார், பிறகு சிரித்திருப்பார்.

அண்ணன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "இதுலயும் இன்னும் கொஞ்சம் பொகை வேணும்."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல்தான். அதையே சொன்னேன்.

"தேக் லேங்கே அண்ணே. வர்ற ஞாயிறு பார்த்துடுவோம்."