நுங்குக்கும் கண் நடுங்கியது

என் அக்காவின் கணவர், அதாவது அத்திம்பேர், காலேஜில் மனத்தத்துவம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு புள்ளியை அசையாமல் பார்க்கும்போதும் கண் பொடிப்பொடியாக நடுங்குகிறது என்று காட்ட அவருக்கு ஒரு கண் தேவைப்பட்டது. கல்பாத்தியில் அவர் வீட்டுத் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த என்னிடம் இரண்டு இருந்தன.

மரத்துப்போகச் சொட்டுமருந்து விட்டு, நடுவில் ஓட்டை போட்ட வெள்ளைச் சாந்துக் கிண்ணம் ஒன்றை விழிமேல் ஒட்டுவார். புளியங்கொட்டைத் தோல் அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குச்சி நீண்டு, விளக்குப் புகை படிந்த காகித உருளையில் கோடு கீறும். கிண்ணத்தை எடுக்கும்போது பீளை நூல் நூலாகக் கூடவே வரும். அதை வேஷ்டித் தலைப்பில் துடைத்து வைப்பார். மறுநாளும் அதே கிண்ணம், அதே கண், அதே வேஷ்டி. தின்ற இட்லி தொண்டைவரை வந்து எட்டிப்பார்க்கும்.

கண் வீங்கிச் சீழ் கட்டியது. “ஒரு கோடு சரியா விழுந்துடட்டும், விட்டுடறேன்டா” என்றார்.

தப்பிக்க வழி தேடிச் சந்தையில் நுங்கு வாங்கி வந்து, என் தலை இருக்கவேண்டிய தாங்கியில் உரித்து வைத்தேன்.

“அத்திம்பேர், இதுக்குப் போடுங்கோ. இமைக்காது, அழாது, சாதமும் கேக்காது.”

“மண்டூகம், நுங்குக்குக் கண்ணு நடுங்குமோ?”

“அது நடுங்காதுன்னு காட்டினாத்தானே என்னோடது நடுங்கறதுன்னு நம்புவா?”

பிசுபிசுவென்று தண்ணீர் வழிய, ஈ மொய்க்க, ஒட்டினார். உருளை சுற்றியது. நுங்கு நடுங்கியது, என் கண்ணைப் போலவே, அலை அலையாக.

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். திடீரென்று கோடு நேரானது. சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு மாமி ஆட்டுக்கல்லை நிறுத்தி மாவைத் தள்ளிவிடும் சத்தம். மறுபடி குழவி உருண்டது, மறுபடி அலை. அக்கிரஹாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அந்தச் சுவரில்தான் ஆணியடித்துக் கருவியை மாட்டியிருந்தார். இத்தனை நாள் என் கண்ணைக் கொடுத்து மாமியின் தோசைமாவை அளந்திருக்கிறோம்.

என் சிரிப்பு அங்கேயே செத்தது. பழைய கோடெல்லாம் பொய் என்றால், முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

அத்திம்பேர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். “வர்ற அமாவாசை பகல் கிரகணமாக்கும். தெருவில ஒரு ஆத்திலயும் மாவரைக்க மாட்டா.”

“கிரகணத்தப்போ சாப்பிடவே கூடாதுங்கறா, நீங்க கண்ணில சாந்து அப்பறேளா?” என்றாள் அக்கா.

“இவன் சாப்பிடாம இருக்கறதே நல்லது. போன தடவை உருளைமேலயே ஓங்கரிச்சான்.”

தெருவே ஆற்றங்கரையில் ஜபம் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், முதலில் நுங்கு. கோடு நேராக ஓடியது. நுங்கிலிருந்து பெயர்த்த கிண்ணம், அந்தக் கொழகொழப்போடு, என் கண்ணுக்கு வந்தது.

“ஆடறதுடா. தலைமயிரைவிடப் பொடிசா, ஆனா ஆடறது. இது உன்னோடதேதான். வந்து பாரு.”

“எதை வெச்சுப் பார்க்கறது, அத்திம்பேர்?” சீழும் நுங்குத் தண்ணீரும் சேர்ந்து இமையை ஒட்டியிருந்தன.

அவர் கிண்ணத்தை வேஷ்டியில் துடைத்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார்.

“இன்னொண்ணு நன்னாத்தானே இருக்கு.”