உருமிக்கு விழிக்காத பிள்ளை

ஜார்ஜ்டவுனில் எங்கள் கிளினிக்கின் தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். குட்டையான உருவம், ஓயாத சிரிப்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு முறுக்குப் பொட்டலம் இருக்கும். அவர் தின்று நான் பார்த்ததில்லை.

மகளுக்கு ஒரு வயது ஊசி போடப் போன அன்று, நான் பெருமையடித்துக்கொண்டேன்.

"இவ ரொம்ப சமத்து மிஸ்ஸி. தைப்பூசத்துல பக்கத்துலயே உருமி மேளம் அடிச்சாங்க, முழிக்கவே இல்ல!"

அவர் சிரிப்பு நின்றது. பொம்மையோடு இருந்த மகளுக்குப் பின்னால் போய், அந்தப் பொட்டலத்தைக் கசக்கினார். அங்கிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் திரும்பவில்லை.

நான் மகளை வாரி அணைத்து அழுதேன். அவரோ அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுவிட்டார்.

"அழாதம்மா! பேச்சு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருச்சு, நல்லதுதான் லா. நாளைக்கே காது டாக்டர பாக்கறோம், நானும் வர்றேன்."

அடுத்த தைப்பூசத்தில், காதுக் கருவி மாட்டிய என் மகள், தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் முதல் உருமி அடிக்கே வீறிட்டு அழுதாள். "பிள்ளைய தூக்கிட்டுப் போங்கக்கா!" என்று யாரோ கடிந்துகொண்டார்கள். நான் சிரித்துக்கொண்டே மிஸ்ஸிக்குப் போன் போட்டு, மகளின் வாயருகே பிடித்தேன்.

"இன்னும் கிட்ட வைம்மா!" என்று கத்தினார் அவர்.