'உங்களைக் காணோமே!'

காலை ஐந்து நாற்பது. விழித்ததும் முதலில் கண்ணில் பட்டது, போனில் ஒரு மெயில். தலைப்பு: 'ரொம்ப நாளா உங்களைக் காணோமே!'

அனுப்பியது என் மனைவியின் தங்கை கல்யாணி. குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் எங்களுக்கு அடுத்த பிளாக். முந்தின நாள் மாலைதான் அவள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு, கால் கிலோ மிக்சரோடு திரும்பியிருந்தேன்.

என்னைக் காணோமாம்!

கல்யாணி பலகார வியாபாரம் செய்கிறாள். முறுக்கு, அதிரசம், மிக்சர். இத்தனை வருஷமும் தீபாவளிக்கு முன்னால் ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு ஆர்டர் எடுப்பாள். இந்த வருஷம் மகள் திவ்யா, ஐடி வேலையில் இருப்பவள், ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தாள். வாடிக்கையாளர் எல்லோருக்கும் மெயில் தானாகவே போகும். வெப்சைட்டில் ஆர்டர் செய்யாதவர்களைக் கூவிக் கூவி அழைக்கும். நான் நேரில் வாங்குபவன். சாஃப்ட்வேர் கணக்கில் நான் காணாமல் போனவன்.

சிரித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தேன். ஏழு மணிக்குக் கல்யாணி அழைத்தாள். குரலே சரியில்லை.

"அத்தான், மெட்டுகுடா விசாலம் அக்கா வீட்டுக்கும் அந்த மெயில் போயிருக்கு. நடராஜன் அண்ணன் பேருக்கு."

விசாலம் அக்காவின் கணவர் நடராஜன் ஆடி மாதம் காலமானார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாம் நாள் காரியத்துக்குக் கல்யாணியே போய்விட்டு வந்தாள். இப்போது அவர் பெயருக்கு அவள் அனுப்பியிருப்பது: 'நடராஜன், எங்கே போனீங்க? உங்க இடம் காலியா இருக்கு. சீக்கிரம் திரும்பி வாங்க!' கீழே சிரிக்கும் பொம்மை வேறு.

அது மட்டுமல்ல. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி ஏற்ற மாட்டார்கள், பண்டிகைக்குக் கடையில் வாங்கவும் மாட்டார்கள். அக்கம்பக்கம்தான் கொண்டுவந்து கொடுக்கும். போன் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கல்யாணி அந்த வீட்டைத் தானாகவே விட்டிருப்பாள். அவளுக்குத் தெரிந்தது சாஃப்ட்வேருக்குத் தெரியவில்லை. யாரும் அதற்குச் சொல்லவும் இல்லை.

"அக்காவோட பக்கத்து வீட்டம்மா போன் பண்ணித் திட்டுறாங்க. முதமுதல்ல எனக்கு ஆர்டர் பிடிச்சுக் கொடுத்ததே விசாலம் அக்காதான். அந்த வீட்டு வரிசை மொத்தமும் அவங்க சொல்லித்தான் வாங்குது. ஆர்டர் போனா போகுது அத்தான்... இனிமே அந்த வீட்டு வாசல்ல நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

நான் அவள் வீட்டுக்குப் போனபோது அம்மாவும் மகளும் மோதிக்கொண்டிருந்தார்கள்.

"கைக்கு டென்ஷன்ம்மா, எதுக்கு இப்படிப் பதறுறே? எல்லாருக்கும் ஒரு சாரி மெயில் போட்டுடலாம். டென் பர்சென்ட் கூப்பனோட."

"நக்கோ, வேண்டவே வேண்டாம்! துக்க வீட்டுக்குக் கூப்பனா? உன் மெஷினை முதல்ல மூடு!"

வாசகர்களே, இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. மெயில் அனுப்புகிறவர்களின் பெரிய தப்பு, அதிகமாக அனுப்புவதல்ல. 'கடைசி வாய்ப்பு' என்று வாரம் மூன்று முறை வரும், அழித்துவிடலாம். இனிஷியலைப் பெயரென்று நினைத்து 'டியர் எஸ்' என்பார்கள், பொறுத்துக்கொள்ளலாம். தெரியாதவர், தெரிந்தவர் போலப் பேசுவதுதான் பொறுக்காது. அதைவிட மோசம், நன்றாகத் தெரிந்தவர் தெரியாதவர் போலப் பேசுவது. பத்தாம் நாளுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள், 'எங்கே போனீங்க' என்று கேட்டால்?

மெயிலில் செய்த தப்புக்கு மெயிலில் மன்னிப்பா? நேரில் போ என்றேன். துணைக்கு நானும் கிளம்பினேன். ஒரு டப்பாவில் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டாள். அமீர்பேட்டையில் மெட்ரோ மாறி மெட்டுகுடா போய் இறங்கும்வரை அதை மடியை விட்டு இறக்கவில்லை.

விசாலம் அக்காதான் கதவைத் திறந்தார். கல்யாணியைப் பார்த்தார். அவள் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நீ மட்டும்தான் வந்தியா? உன் மெஷின் வரலை?"

கல்யாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "அக்கா, சத்தியமா..."

"உள்ள வா. வாசல்ல நின்னு அழாதே. அவரைப் பாக்க இன்னும் ஆள் வருதுன்னு நினைச்சுக்கப் போறாங்க."

மேஜையில் நடராஜனின் போன் சார்ஜில் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"கரன்ட் பில், கேஸ் எல்லாம் இதுலதான் வருது, தம்பி. அணைக்க முடியலை. இப்போ இவ மெயிலும் வருது."

"இதோட நிறுத்திடறேன்க்கா."

"நானே நிறுத்தப் பார்த்தேன்டி. அடியில பொடி எழுத்துல 'விலக'ன்னு இருந்துச்சு, அமுக்கினேன். பாஸ்வேர்டு கேக்குது." போனைக் கையில் எடுத்தார். "அவர் பாஸ்வேர்டை நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

விலகப் பாஸ்வேர்டு கேட்கும் என்று கல்யாணிக்கே தெரியாது. தன் மெயிலைத் தானே நிறுத்திப் பார்க்கிற வியாபாரி உண்டா? வரும் வழியை மாலை தோரணத்தோடு வைக்கிறோம். போகும் வழியில் பூட்டு.

டப்பாவை நீட்டினாள். விசாலம் அக்கா உடனே வாங்கவில்லை.

"இது விக்கிறதா, கொடுக்கிறதா?"

"கொடுக்கிறதுக்கா."

வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். அப்புறம் காபி கலந்தார். நடராஜனைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மாலையில் திவ்யா பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தை எடுத்துவிட்டாள். முதலில் விலகிய பெயர், நடராஜன். அரை மணி கழித்து விசாலம் அக்கா கல்யாணிக்குப் போன் செய்து, தன் வீட்டைத் தவிர்த்து, அந்த வரிசையின் மற்ற எல்லா வீடுகளுக்கும் தீபாவளி ஆர்டர் சொன்னார்.