இரண்டாவது படகு சொன்னது

செகந்திராபாத்தில் எங்கள் மாரேட்பள்ளி வீட்டு வாசலில் ஒருநாள் யாரோ எலுமிச்சம்பழத்தில் குங்குமம் தடவி வைத்துவிட்டுப் போனார்கள். தெருவே பதறியது. நான் அதைக் கழுவி ஜூஸ் போட்டுக் குடித்தேன். அப்படிப்பட்டவள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில், ஹைதராபாத் மாதாப்பூரில், ஆறாவது மாடி ஆபீஸில், ஏசி குளிரில்.

என் வேலையைச் சொன்னாலே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். சொந்தப் பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களுக்காக எங்கள் கம்பெனி ஒரு கையேடு நடத்துகிறது, போனில் பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தீவில் எங்கே நங்கூரம் போடுவது, ஆழம் எவ்வளவு, குடிதண்ணீர் எங்கே, டீசல் எங்கே, கஸ்டம்ஸ்காரர் எப்போது வருவார், எல்லாம் இருக்கும். ஹுசைன் சாகர் ஏரியில் அரை மணி நேரம் படகில் போனதற்கே வாந்தி எடுத்த நான்தான் இதையெல்லாம் எழுதுகிறேன், கூத்தைப் பாருங்கள். போய்வந்தவர்கள் அனுப்பும் ரிப்போர்ட்டை வைத்துத் திருத்துவேன். அதற்கு ஒரு ரூல் உண்டு. இரண்டு தனித்தனிப் படகுகள் ஒரே விஷயத்தைச் சொன்னால்தான் கையேட்டில் ஒரு வரியை மாற்றலாம். ஒரு படகு மட்டும் சொன்னால் அது பெண்டிங் பெட்டியில் கிடக்கும். வெளியே யாருக்கும் தெரியாது, நாங்கள் சொல்லவும் கூடாது.

தீவின் பெயர் வேண்டாம். சுற்றிலும் பவளப்பாறை, உள்ளே போக ஒரே வழி. கரையில் இரண்டு வெள்ளைக் கம்பங்கள் முன்னும் பின்னுமாக நிற்கும், இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி படகைப் பிடித்து நேரே உள்ளே வரவும் என்று எங்கள் கையேட்டில் போட்டிருந்தோம். அங்கே ஒரு புயல் அடித்து ஓய்ந்தபின் ஒரு பெரியவர் எழுதினார். முன்கம்பம் விழுந்துவிட்டது, யாரோ அதைத் தள்ளி நட்டிருக்கிறார்கள், அதை நம்பி வந்தால் பாறைமேல்தான் ஏறுவீர்கள் என்று. ஒரே ஒரு ரிப்போர்ட். பெண்டிங்கில் போட்டேன்.

அடுத்த வாரம் மார்த்தா என்ற பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. அவளும் புருஷனும் மட்டும் ஒரு படகில் அந்தத் தீவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கம்பங்களைப் பற்றி நீங்கள் போட்டிருப்பது இன்னும் சரிதானா என்று கேட்டிருந்தாள். டீம் லீட் பிரபாகரிடம் போனேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், பேச்சில் ஊர் உருது கலந்து வரும்.

"பெண்டிங்ல ஒண்ணு கெடக்குதேப்பா, அத மட்டும் ஒரு வரி சொல்லிரட்டுமா?"

"நக்கோக்கா, வேணாம். ஒருத்தர் சொன்னத வெச்சு சொல்லி, அது தப்பாப் போனா நம்ம தலைதான் உருளும். கையேட்டுல இருக்கறதையே சொல்லிடுங்க."

"மனசு கேக்கலையே."

"கைக்கு டென்ஷன், எதுக்கு? ரூல்தானேக்கா."

ஆமாம், கையேட்டில் உள்ளபடியே வரலாம் என்று பதில் எழுதினேன். அவன் சொன்னான், நான் செய்தேன் என்று தப்பிக்கப் பார்க்கவில்லை. டைப் அடித்தது என் விரல்தான்.

பதினோரு நாள் கழித்து வேறொரு படகிலிருந்து தகவல் வந்தது. மார்த்தாவின் படகு அந்தப் பாறைமேல் உடைந்து கிடக்கிறதாம், இரண்டு பேரையும் காணவில்லையாம். பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். என்ஜின் நின்றுபோயிருக்கும், அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று மேலே இருப்பவர்கள் முடித்துவிட்டார்கள். பாவி, நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு ஒரு ரிப்போர்ட் வந்து விழுந்தது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. மார்த்தா. "முன்கம்பம் இடம் மாறியிருக்கிறது. தனியாக நிற்கும் தென்னைக்கு வலப்பக்கமாக வரவும். பாறைக்கு மேல் தண்ணீர் இடுப்பளவுதான். நேற்று மீனவர்கள் வந்து எங்கள் பாய்மரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள்." அதன் கீழே வழக்கமான கட்டங்கள். காற்றுக்கு மறைவு உண்டு. குடிதண்ணீர் இல்லை. படகில் இருப்பவர்கள் இரண்டு பேர். தீவிலிருந்து புறப்பட்ட நாள் என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

பிரபாகரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"முன்னாடியே எழுதி வெச்சிருப்பாங்கக்கா. சிக்னல் கெடச்சதும் இப்ப வந்திருக்கும்."

"உடைஞ்ச படகுலேர்ந்து பாய்மரத்தக் கழட்டுனத உடையறதுக்கு முன்னாடியே எழுதிட்டாளா?"

அவன் முகம் செத்துவிட்டது. அதே சமயம் இன்னொரு படகு, இரண்டு குழந்தைகளோடு, மறுநாள் காலை அந்த வழியாக உள்ளே போவதாகத் தகவல் கொடுத்திருந்தது. எங்கள் கையேட்டை நம்பித்தான்.

"ரெண்டு படகு சொல்லியாச்சு. அப்ரூவ் பண்ணு."

"செத்தவங்க ரிப்போர்ட்ட எப்படிக்கா..."

"அனுப்பறவங்க உயிரோட இருக்கணும்னு ரூல்ல எழுதியிருக்கா? அமுக்குடா!"

அமுக்கினான். வரி மாறியது. இரண்டு நாளில் அந்தக் குடும்பத்திலிருந்து மெயில் வந்தது. கடைசி நேரத்தில் புதுத் தகவலைப் பார்த்தோம், தென்னையை அடையாளமாகப் பிடித்து வந்து பிழைத்தோம், பிள்ளைகள் பத்திரம் என்று. பாறைமேல் ஒரு படகு பாய்மரம் இல்லாமல் கிடக்கிறது, மீனவர்கள் கழற்றிவிட்டார்களாம் என்றும் எழுதியிருந்தார்கள். என்றைக்குக் கழற்றினார்கள் என்று கேட்டு எழுதினேன். ரிப்போர்ட் வந்த நாளுக்கு முந்தைய நாள்.

நம்பினால் நம்புங்கள். பிரபாகர் வேறு டீமுக்கு மாறிவிட்டான், லிஃப்டில் பார்த்தால்கூட தலையைக் குனிந்துகொள்கிறான். ஆனால் அவனிடம்கூட நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருந்தது. அவனைக் கூப்பிடும் முன்பே அதை அழித்துவிட்டேன். "உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கடிதம் சொல்வது சரிதான்." பெண்டிங் பெட்டியில் அந்தப் பெரியவரின் கடிதம் கிடந்தது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

புறப்பட்ட நாளைக் காலியாக விட்டவர்களுக்கு, இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா என்று ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கம்ப்யூட்டர் தானாகவே கேட்கும். மார்த்தாவிடமிருந்து ஒவ்வொரு மாதமும் பதில் வருகிறது. ஆம். அதன் கீழே நான் அழித்த அதே வரி, ஓர் எழுத்துகூட மாறாமல். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவள் திட்டவே மாட்டேன் என்கிறாள்.

நேற்று முதல் தேதி. வந்துவிட்டது.