விதியின் நாயகர்களுக்கு மச்சம் வைத்தவர்

சினிமாவில் விதி தன் நாயகனை எங்கே, எப்போது தேர்ந்தெடுக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு, மேக்கப் வேனுக்குள், மூன்றாம் நம்பர் பிரஷ்ஷால் தேர்ந்தெடுக்கிறது. பத்தொன்பது வருடமாக அந்தப் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டிருப்பவர்தான் நம்மாள்.

படப்பிடிப்பில் அவருக்கு ஒரே பெயர். மச்சம். "மச்சம் வந்தாச்சா?" "மச்சம் டீ குடிச்சிட்டிருக்கு, இப்ப வந்துரும்" என்று ஏதோ ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. இத்தனைக்கும் அவர் உடம்பில் மருந்துக்குக்கூட ஒரு மச்சம் கிடையாது. அவருடைய மனைவி இதை உறுதி செய்திருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு கைக்குழந்தை மேக்கப் மாஸ்டரின் புதுச் சட்டையை நனைத்துவிட்டது. "இனிமே குழந்தைங்க எல்லாம் உன் பொறுப்பு" என்று மாஸ்டர் குழந்தையையும் பிரஷ்ஷையும் சேர்த்து இவர் கையில் திணித்தார். சினிமாவில் கைக்குழந்தை வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு அதற்கு ஒரு மச்சம் இருந்தாக வேண்டும். அப்படியே ஒட்டிக்கொண்டது தொழில்.

இதுவரை எத்தனை பேரை அவர் உலகைக் காக்க அனுப்பி வைத்திருக்கிறார்! பிறை மச்சம், வாள் மச்சம், சிங்கத்தின் பாதம், ஒருமுறை பருந்து. பருந்து கொஞ்சம் கோழி மாதிரி வந்துவிட்டது. அந்தப் படத்தில் நாட்டை மீட்டவன் கோழி மச்சக்காரன்தான், யாரும் கேட்கவில்லை. கதையும் எப்போதும் ஒன்றுதான். இடி, மின்னல், பிரசவம். தாய் பொட்டென்று போய்விடுவாள். தாடிக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "வந்துவிட்டான்!" என்பார். பிறகு இருபது வருடம் அந்தப் பிள்ளை மாடு மேய்க்கும், இல்லாவிட்டால் மூட்டை தூக்கும். ஒருநாள் சட்டை கிழியும். மச்சத்தைப் பார்த்த வில்லன் பேயறைந்த மாதிரி நிற்பான். பயிற்சி வேண்டாம், பரீட்சை வேண்டாம், யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டாம். தோளில் ஒரு அழுக்குப்போல இருந்தால் போதும், ராஜ்ஜியம் உனக்கு.

கையெழுத்து என்றால் நம்மாளுக்கு வயிறு எரியும். அவர் சங்கத்தில் வைத்திருந்தது உதவியாளர் கார்டு. தலைமை மேக்கப்மேன் கார்டு கிடைத்தால்தான் தனியாகப் படம் எடுத்துச் செய்யலாம், சொந்தமாக நாற்காலி போடலாம், "மச்சம்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு "மாஸ்டர்" ஒட்டிக்கொள்ளும். அதற்கு மூன்று பெரிய படங்களில் வேலை சுத்தம் என்று மாஸ்டர் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடத்தில் விழுந்தவை இரண்டு. கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் பவுடர் பஃபைத் தட்டிக்கொண்டே, "இந்தத் தொழில் பொறப்புலயே வரணும்பா. நேரம் வந்தா தானா வரும்" என்பார். அவருடைய அப்பாவும் மேக்கப்மேன். அவருடைய மகனுக்கு நேரம் இரண்டாவது வருடத்திலேயே தானாக வந்துவிட்டது. அந்த மகனுக்கு இன்றைக்கும் மீசையை நேராக ஒட்டத் தெரியாது.

மூன்றாவது கையெழுத்துக்கென்று வந்து வாய்த்தது ஒரு பிரம்மாண்டப் படம். முதலில் எடுத்தது குகையில் குழந்தை பிறக்கும் காட்சி. நாலு மாதக் குழந்தை, நல்ல கொழுகொழு. நம்மாள் முகத்தைப் பார்த்தாலே ஊரைக் கூட்டியது. அதன் அம்மா சட்டென்று குழந்தையைக் கண்ணாடிக்கு நேராகத் திருப்பினாள். தன்னையே பார்த்ததும் அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நம்மாள் இடது தோளில் தீச்சுடர் மச்சத்தை வரைந்து, பவுடர் போட்டு முடித்துவிட்டார்.

அடுத்து போட்டோ. மாதக்கணக்கில் தள்ளித் தள்ளிப் படம் எடுப்பார்கள் என்பதால், எதை எங்கே வரைந்தோம் என்று ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் மாறாத வழக்கம். போனை முகத்துக்கு நேரே நீட்டினால் குழந்தை மறுபடி வீறிடும். ஆகவே நம்மாள் சமயோசிதமாகப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் தெரிந்த குழந்தையைப் படம் எடுத்தார். "எப்படி நம்ம மூளை!" என்று அந்தத் தாயிடம் பெருமை வேறு.

பத்து மாதம் கழித்து ஹீரோ வந்தார். உதவி இயக்குநரின் தாளில் "தோளில் தீச்சுடர் மச்சம். மச்சத்தைக் கேட்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தது. மச்சம் போனைத் திறந்து போட்டோவைப் பார்த்தார். நம்மை நோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தை, வலது தோளில் மச்சம். இருபத்திரண்டு நாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு நூல் பிசகாமல் ஹீரோவின் வலது தோளில் வரைந்தார். மழையில் வரைந்தார், சேற்றில் வரைந்தார், கடைசிச் சண்டையில் அரண்மனையை நிஜமாகவே கொளுத்தியபோது அந்த வெக்கையிலும் வரைந்தார். மச்சம் உருகவில்லை. "பிரமாதம்" என்று மாஸ்டரே சொன்னார்.

படம் வெளியாக இரண்டு வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனில் இடமில்லை என்று பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். குழந்தை போட்டோவுக்கு அடுத்தது, அதன் அம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது தற்செயலாக எடுத்த படம். அதில் மச்சம் இடது தோளில் இருந்தது. முன்னதைப் பார்த்தார், பின்னதைப் பார்த்தார். தன் தோள்களைத் தானே மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் நின்றார். தூக்கி வாரிப் போட்டது.

திருத்த வழியே இல்லை. அரண்மனை சாம்பல். குழந்தை இப்போது நடக்கிறது, கடிக்கிறது. ஹீரோ வேறொரு நாட்டைக் காப்பாற்றப் போய்விட்டார், வேறொருவர் வரைந்த மச்சத்தோடு. மாஸ்டருக்குப் போன் செய்தார். இவர் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர், "படம் ரிலீஸாகட்டும், ஒரு குறை வரலன்னா மூணாவது கையெழுத்து உனக்குத்தான். சந்தோஷமா?" என்றார். "சந்தோஷம் மாஸ்டர்" என்று இவர் மிச்சத்தை மென்று முழுங்கினார். மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

அந்த அம்மாள் பிரசவ வார்டு நர்ஸ். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தெருவே அவரை சிஸ்டர் என்று கூப்பிடும், நம்மாள் ஒருவரைத் தவிர. அவருக்குச் சினிமா என்றால் தூக்க மாத்திரை. "இடி மின்னல்ல பொறந்தா என்ன? கரண்ட் போவும், ஜெனரேட்டர் போடணும், அவ்ளோதான். எத்தனை ஆயிரம் குழந்தைய தூக்கியிருப்பேன், மச்சம் இல்லாத குழந்தை எத்தனை பாத்திருக்கேன்னு விரல்விட்டு எண்ணிரலாம். ஒருத்தனும் நாட்ட காப்பாத்தல. ஒருத்தன் இப்ப எங்க ஆஸ்பத்திரிலயே லிஃப்ட் ஓட்டறான்" என்பார்.

அப்படிப்பட்டவரை முதல் நாள் காலைக் காட்சிக்குக் கெஞ்சிக் கூட்டிப்போனார். தனியாகப் போகத் தைரியமில்லை என்பதுதான் உண்மை. தியேட்டரில் எள் விழ இடமில்லை. குகை வந்தது, இடி இடித்தது, தாடிக்காரர் குழந்தையைத் தூக்கினார். இடது தோள், திரை அளவுக்குப் பெரிதாக. "வந்துவிட்டான்!" விசில் பறந்தது. நம்மாள் நாற்காலிக்குள் பாதியாகச் சுருங்கினார். கடைசிச் சண்டை வந்தது. ஹீரோவின் சட்டை கிழிந்தது. வலது தோள், அதே அளவுக்குப் பெரிதாக. வில்லனின் கையிலிருந்து வாள் நழுவியது.

யாராவது கத்துவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். யாரும் கத்தவில்லை. கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குக் கைதட்டல்தான். பக்கத்து இருக்கைக்காரர் நாற்காலி மேலேயே ஏறி நின்றார். தப்பித்தோம் என்று இவர் மூச்சு விடப்போன நேரத்தில், அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்த சிஸ்டர் விறைத்து உட்கார்ந்தார். வார்டில் கூப்பிடும் குரலில் கத்தினார்:

"ஐயையோ! என்னங்க, குழந்தை மாறிப்போச்சு!"

முன் வரிசையே திரும்பியது. "அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றது ஒரு குரல்.

"என்னத்த சும்மா இருக்கறது? அது லெஃப்ட்டு, இது ரைட்டு. அவன் வேற, இவன் வேற. அந்தத் தாடிக்காரன் குழந்தை கைல பேர் டேக் கட்டாம தூக்கினப்பவே நெனச்சேன்."

"கொஞ்சம் மெல்லப் பேசேன்" என்று நம்மாள் கெஞ்சினார். ஆனால் அவருக்கு உள்ளே என்னவோ செய்தது. பயம் இருந்தது, வெட்கம் இருந்தது. அதற்கும் மேலே ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவர் வரைந்த மச்சத்தை ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கண்ணாடி, போட்டோ, கையெழுத்து எல்லாம். சிஸ்டர் சிரிக்கவில்லை.

"மாஸ்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னா கார்டு போச்சு. யாரும் பாக்கலையே, நீ ஒருத்திதானே."

"எங்க வார்டுல தப்பு பண்ணினவள மன்னிச்சிருவோம். மறைச்சவ கைல மறுபடி குழந்தைய குடுக்க மாட்டோம்" என்றார். பிறகு பஸ் வந்துவிட்டது. வீடு வரும்வரை சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை நம்மாள் கார்டுக்கான விண்ணப்பத்தோடு மாஸ்டர் முன்னால் நின்றார். படம் சக்கைபோடு போட்டதில் மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்திருந்தது. கேட்காமலே பேனாவைத் திறந்தார். நம்மாள் விண்ணப்பத்தின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"மாஸ்டர், ஒரு தப்பு நடந்துபோச்சு. குழந்தைக்கு லெஃப்ட்ல வெச்ச மச்சத்த ஹீரோவுக்கு ரைட்ல வெச்சிட்டேன். படம் பூரா அப்படித்தான் இருக்கு. தெரிஞ்சதுக்கப்புறமும் உங்ககிட்ட சொல்லாம இருந்துட்டேன்."

மாஸ்டர் பேனாவைப் பிடித்தபடியே அவரைப் பார்த்தார். பத்தொன்பது வருடமும் அந்தப் பேனா முனையில் தொங்கின.

"யார் சொன்னா?"

"என் வீட்டுல."

"வேற?"

"வேற யாரும் இல்ல மாஸ்டர்."

மாஸ்டர் தொப்பை குலுங்கச் சிரித்தார். "மச்சத்த யாருய்யா பாக்கறான்? அவர்தான் ஹீரோன்னு டிக்கெட் வாங்கும்போதே தெரியுமே! மூக்குல வெச்சிருந்தாலும் விசில் அடிச்சிருப்பான். கைய எடு."

கையை எடுத்தார். கையெழுத்து விழுந்தது. "உனக்கு உடம்பெல்லாம் மச்சம்யா. நான் அன்னைக்கே சொல்லல? நீ இதுக்குன்னே பொறந்தவன்."

அந்த வார்த்தைக்காகத்தான் பத்தொன்பது வருடமாக அவர் காத்திருந்தார். கேட்டதும் சுருக்கென்று ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் "தேங்க்ஸ் மாஸ்டர்" என்று விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் அவமானமாக இருந்தது. மூக்கில் வைத்தாலும் ஒன்றுதான் என்றால், அந்த மழையும் சேறும் வெக்கையும் எதற்கு?

சாயங்காலம் சிஸ்டர் டூட்டி முடிந்து வந்தபோது விண்ணப்பம் மேஜைமேல் இருந்தது. எடுத்துப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்துவிட்டு நம்மாள் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிட்டுத்தான் வாங்கினீங்களா?"

"சொல்லிட்டுத்தான். ஒண்ணும் ஆகல. மச்சத்த யாரும் பாக்கறதே இல்லையாம்."

"பாக்காதவன் கிடக்கறான். அடுத்த தடவ கண்ணாடிய விட்டுட்டு குழந்தைய பாத்து எடுங்க" என்று விண்ணப்பத்தை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தார். யூனிஃபார்மை மாற்றி, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆனால் மனசு வேறெங்கோ இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"அப்ப அந்த நெசமான புள்ள என்னாச்சு?"

"எந்தப் புள்ள?"

"அதான், லெஃப்ட்ல மச்சம் இருந்துச்சே. மாறிப்போன புள்ள. இவன் போய் அத்தனை பேர வெட்டிட்டு நாட்ட காப்பாத்திட்டான். அவன் எங்க?"

கேட்டபோது அவருடைய குரலில் விளையாட்டே இல்லை. நம்மாள் யோசித்தார். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்த அந்தக் கொழுகொழுக் குழந்தை நினைவுக்கு வந்தது.

"எங்கயாவது இருப்பான். யாருக்கும் அவனத் தெரியாது. தாடிக்காரன் தேடி வரமாட்டான். சட்டை கிழியாது. ஏதோ ஒரு வேலைக்குப் போயிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வருவான்."

சிஸ்டர் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். அவருக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

"அப்பாடா" என்றார். "தப்பிச்சான் புள்ள."